எட்டாவது பெயர்

பெஹாலா
18 ஜனவரி 2025, சனி

ஜெய்ராம்,

போனில் என்னை ப்ளாக் செய்துவிட்டாய். நேற்று மாலை லேக் கார்டன்ஸுக்கு வந்து உன் வீட்டு மணியை அடித்தேன். வசந்தி ஆன்ட்டி கதவைப் பாதி திறந்து, "ஜெய் இல்லையேப்பா, எங்கயோ வெளில போயிருக்கான்" என்றார். உன் நீலச் செருப்பு வாசலில் கிடந்தது. உன்னிடம் இருப்பது அந்த ஒரு ஜோடிதான். உன் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது; என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதனால்தான் கடிதம். தபால்காரரை ப்ளாக் செய்ய முடியாது.

நேற்று மூன்றரை மணிக்கு டீன் அலுவலகப் பலகையில், கணித மைனர் துணைப்படிப்புப் பட்டியலில் எட்டுப் பெயர் இருந்தது. நானே எண்ணிப் பார்த்தேன். ஐந்து மணிக்குப் பதிவு முடிகிறது, அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனேன். ஐந்தேகாலுக்கு ஏழு பெயர். எட்டாவது பெயர் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. "உன் தோஸ்த் பேரை எடுத்துட்டானே, உன்கிட்ட சொல்லலையா?" என்று துறை அலுவலகத்து ரஞ்சன்-தா வங்காளத்தில் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத் தெரியாது என்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

எட்டுப் பேர் இல்லையென்றால் வகுப்பு நடக்காது. இந்த விதி உனக்குத் தெரியும். ஐந்து தாளில் மூன்றை முடித்துவிட்டோம், இரண்டுதான் பாக்கி என்பதும் தெரியும். வருணுக்கும் மற்ற ஐந்து பேருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. டேட்டா சயின்ஸ் மைனருக்கு மாறிக்கொள்வார்கள், முடித்த தாள்கள் அங்கேயும் செல்லும். அடி எனக்கு மட்டும்தான். எலக்ட்ரிக்கல் படிக்கிறவனை எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு நேர்முகத்துக்குக் கூப்பிடுகிற கல்லூரி ஒன்றே ஒன்றுதான். மைனர் சான்றிதழ் இல்லாவிட்டால் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்க்க மாட்டார்கள். அப்பாவும் நானும் போட்ட ஒப்பந்தம் உன் முன்னால் போட்டதுதானே? நீ எங்கள் வீட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தாய். "மைனர முடிச்சீன்னா ஒன் இஷ்டம், எங்க வேணா படி. நடுவுல நின்னுச்சுன்னா, ஏல, பேச்சே கெடையாது, ஹால்டியா கம்பெனில சேந்துரணும்" என்றார். நீ எனக்குச் சாட்சியாகத் தலையாட்டினாய்.

அந்தத் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு என்று இப்போது தெரிந்துவிட்டது.

கெஞ்சவில்லை. காரணம் கேட்கிறேன். எனக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எட்டாவதாக வேறு ஒருவனைப் பிடித்திருப்பேன். கடைசி ஒன்றரை மணி நேரத்தில், நான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, முதுகுக்குப் பின்னால் செய்திருக்கிறாய். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. நான் எழுத வேண்டியதில்லை.

கிரிதர்

*

லேக் கார்டன்ஸ்
21 ஜனவரி

கிரி,

உன் கடிதம் வந்தது. அம்மாவைப் பொய் சொல்ல வைத்தது தப்புதான். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உன்னிடம் கேட்கப்போவதில்லை.

இது என் கையெழுத்து. நன்றாகப் பார்த்து வைத்துக்கொள். தமிழ் எழுத்து கோணல்தான். எட்டு வயதில் அம்மா உட்காரவைத்து, திருச்சி அத்தைக்கு மாதம் ஒரு கடிதம் எழுதச் சொல்லி வந்த தமிழ். ஆனால் இந்தக் கோணல் முழுக்க என்னுடையது.

நீ டீ குடிக்கப் போன நேரம் பார்த்துச் செய்யவில்லை. நீ டீ குடிக்கப் போனதே எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது, நேராக மாடிக்குப் போனேன், பேரை எடுக்கச் சொன்னேன். அவ்வளவுதான்.

காரணம் கேட்கிறாய். உனக்கு உண்மையிலேயே தெரியவில்லையா என்பதைத்தான் நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தே கேட்கிறாய் என்றால் உன்னிடம் சொல்ல எதுவும் இல்லை. தெரியாமல் கேட்கிறாய் என்றால் அது இன்னும் மோசம்.

ஜெய்

*

பெஹாலா
23 ஜனவரி

ஜெய்ராம்,

விடுகதைக்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை. இன்று நேதாஜி பிறந்தநாள். எங்கள் பாடாவில், தெரு முழுக்க, காலை ஆறு மணியிலிருந்து மைக் கத்துகிறது, தலை வலிக்கிறது, இதில் உன் கையெழுத்தை வேறு பார்த்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். பார்த்தேன். கோணலாகத்தான் இருக்கிறது. என்ன செய்யச் சொல்கிறாய்?

நானே யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். உனக்குப் பயம். அடுத்த தாள் ரியல் அனாலிசிஸ். அதில் பாதிப் பேர் விழுவார்கள் என்று வருண் டிசம்பரிலிருந்து பரப்பிக்கொண்டிருக்கிறான். போன பருவத்து கிராஃப் தியரி பரீட்சையிலும் உனக்கு முப்பத்தெட்டுதான். அசைன்மென்ட் மதிப்பெண்தான் உன்னைத் தூக்கிவிட்டது. விழுந்தால் சிவிலில் கேம்பஸ் வேலைக்கு உட்கார விடமாட்டார்கள் என்று நடுங்கியிருப்பாய். இதை நேராகச் சொல்ல உனக்கு வெட்கம். சரியா?

இதற்குத் தீர்வு இருக்கிறது. அசைன்மென்ட்டைப் பற்றிக் கவலைப்படாதே, வழக்கம்போல் நான் பார்த்துக்கொள்கிறேன். பரீட்சைக்கு முன்னால் இரண்டு வாரம் லேக் மார்க்கெட்டில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். தோசைச் செலவு என்னுடையது.

டீனைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் நிற்கவைத்தார். ஜனவரி 31, வெள்ளி, மாலை ஐந்து மணி வரை சிறப்பு அனுமதி. விலகியவனே கையெழுத்துப் போட்டுத் திரும்பி வந்தால் வகுப்பு நடக்கும். புதிதாக வேறு ஆளைச் சேர்க்க முடியாது, நீதான் வேண்டும். அதுவரை மற்ற ஆறு பேரும் பெயரை மாற்றாமல் இருக்க ஒப்புக்கொண்டார்கள். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெயர், ரோல் நம்பர், துறை எல்லாம் நானே நிரப்பிவிட்டேன். பென்சிலால் குறி போட்டிருக்கும் இடத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் உன் வேலை.

கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். 31க்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடு.

கிரிதர்

*

லேக் கார்டன்ஸ்
26 ஜனவரி, ஞாயிறு

கிரி,

"வழக்கம்போல் நான் பார்த்துக்கொள்கிறேன்."

இந்த வரியை மூன்று தடவை படித்தேன். நீ எதையும் மறைக்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. உனக்கு அது மறைக்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. சரி, எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் நான் பயந்து ஓடினேன் என்றே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாய்.

பதினேழாம் தேதி மதியம் மூன்று மணிக்கு மேல் துறை அலுவலகத்துக்குப் போனேன். போன பருவத்து அசைன்மென்ட் தாள்களைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று பலகையில் போட்டிருந்தது. எப்போதும் நீதான் போய் இரண்டு பேருக்கும் வாங்குவாய், மதிப்பெண்ணை மட்டும் எனக்குச் சொல்வாய். அன்று உனக்கு லேப் இருந்தது. ரஞ்சன்-தா ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்து, "எடு, உன்னோட ரத்தினம்" என்றார். பதினொரு தாள். முதல் தாளில் என் பெயர், என் ரோல் நம்பர், பத்துக்கு ஒன்பது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து, நான் என்ன எழுதினேன் என்று ஆசையாகத்தான் படித்தேன்.

நான் எழுதியதே இல்லை. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் குறுக்குக் கோடு. நான் போட மாட்டேன், நீதான் போடுவாய். இரண்டாவது தாளும் அப்படியே. பதினொன்றும் அப்படியே. ஒரு பக்கம்கூட என்னுடையது இல்லை.

திங்கள் காலை எங்களுக்கு சர்வே. எட்டு மணிக்கே கருவியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவோம். அதனால் ஞாயிறு மாலை லேக் மார்க்கெட்டில் உன்னிடம் என் தாளைக் கொடுப்பேன், நீ உன்னுடையதோடு சேர்த்துத் திங்கள் பத்து மணிக்குக் கொடுப்பாய். இதுதானே ஏற்பாடு? என் தாளை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி என் பெயரைப் போடுவது அந்த ஏற்பாட்டில் எங்கே இருந்தது?

காப்பி அடிக்கிறவனைப் பார்த்திருக்கிறேன். இன்னொருவனுக்குத் தெரியாமல் அவன் பெயரில் எழுதிக் கொடுக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். ஏன் செய்தாய் என்று எனக்கே விடை தெரியும். நான் கிராஃப் தியரியில் விழுந்தால் அடுத்த பருவம் ஏழு பேர்தான். நான் விழக்கூடாது. இரண்டாம் ஆண்டில் அதே லேக் மார்க்கெட் கடையில், "உனக்குக் கணக்கு மூளைடா ஜெய், சிவில்ல வேஸ்ட் ஆகுற" என்று சொன்னாயே, அன்று எத்தனை பேர் சேர்ந்திருந்தார்கள்? நானே சொல்கிறேன். ஏழு.

இதையாவது மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். மன்னிக்க முடியாதது வேறு. அசைன்மென்ட்டில் ஒன்பது, பத்து, பரீட்சையில் முப்பத்தெட்டு. வீட்டில் நன்றாகப் போடுகிறவன் ஹாலில் உட்கார்ந்தால் ஏன் உறைந்துபோகிறான் என்று அம்மா அழுதார். எனக்குப் பரீட்சை பயம் என்று முடிவு செய்து தேசப்ரிய பார்க் பக்கம் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் மூச்சை எண்ணச் சொன்னார். தூங்குவதற்கு மாத்திரை எழுதினார். இரண்டு மாதம் சாப்பிட்டேன். அந்த இரண்டு மாதமும் சர்வே மைதானத்தில் நின்றுகொண்டே தூங்கினேன்.

டாக்டர் வீட்டுக்கு நீயும் வந்தாய், கிரி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் வெளியே வந்ததும், "என்ன சொன்னாருடா?" என்று கேட்டாய். எனக்குப் பயம் இல்லை, எனக்குக் கணக்கு அவ்வளவுதான் வரும், முப்பத்தெட்டுதான் என் உண்மையான மதிப்பெண் என்று உலகத்தில் ஒரே ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான்.

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. என் பெயரை அதில் நீயே நிரப்பியிருப்பதைப் பார்த்தேன். அதிலும் ரோல் நம்பரில் ஒரு ஏழு இருக்கிறது.

என் பதினொரு தாள்களையும் என்ன செய்தாய்? அதை மட்டும் சொல்.

ஜெய்

*

பெஹாலா
29 ஜனவரி
(வருண் கையில் கொடுத்தனுப்புகிறேன்)

ஜெய்,

நேற்று மாலை உன் கடிதம் வந்தது. உடனே ஒரு பதில் எழுதினேன். உன் நன்மைக்குத்தான் செய்தேன், நீ தேறினாயே, யாருக்கு என்ன கெட்டது என்றெல்லாம் இரண்டு பக்கம். இன்று காலை படித்துப் பார்த்தேன். அதில் இருப்பது வாதமே இல்லை. கிழித்துவிட்டேன்.

நீ எழுதியது எல்லாம் உண்மை. ஏழு பேர் சேர்ந்திருந்தார்கள், எட்டாவது ஆள் வேண்டியிருந்தது. உனக்குக் கணக்கு மூளை என்று நான் சொன்னபோது உன் கணக்கு எதையும் நான் பார்த்ததில்லை. நம் பேட்ச்சில் தமிழ் பேசுகிறவன் நீ ஒருவன்தான். சொன்னால் கேட்பாய் என்று தெரியும். அதனால் உன்னைப் பிடித்தேன்.

அப்புறம் சிநேகிதம் ஆகிவிட்டது. அது எண்ணிக்கைக்காக இல்லை. நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம்.

டாக்டர் விஷயம். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே வந்து சொல்லிவிட வேண்டும் என்று ஒரு தடவை எழுந்தேன். கம்பவுண்டர், "உன் நம்பர் இன்னும் வரலை, உக்காரு" என்றார். உட்கார்ந்துவிட்டேன். இதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை.

உன் தாள்கள் பத்திரமாக இருக்கின்றன. பதினொன்றும். நீலக் கோப்பில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். நான் எதையும் தூக்கிப்போடுகிறவன் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவற்றில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. தப்பாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, வாங்கி, கோப்பில் செருகிவிட்டு, புதிதாக எழுதினேன். சரிபார்க்காமல் ஒரு முடிவுக்கு வந்தேன். கணிதம் படிக்க ஆசைப்படுகிறவன் செய்த வேலை இது.

இப்போது படிக்கப்போகிறேன்.

கிரி

*

லேக் கார்டன்ஸ்
30 ஜனவரி, காலை
(வருணைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்)

கிரி,

படிக்கவே இல்லையா. இது எனக்குத் தோன்றவே இல்லை. படித்துப் பார்த்து, தப்பு என்று தெரிந்து, மாற்றினாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில்கூட உனக்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்திருக்கிறேன், பார்.

வருண் வாசலில் நின்று, "அண்ணன்மார்களே, ரெண்டு பேரும் போன்ல பேசிக்க மாட்டீங்களா, நான் என்ன குரியர் கம்பெனியா?" என்கிறான். அம்மா அவனுக்கு உப்புமா கொடுத்து உட்காரவைத்திருக்கிறார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

படி. நீயே மதிப்பெண் போடு. ஒவ்வொன்றுக்கும் பத்து, பதினொரு தாளுக்கு நூற்றுப்பத்து. பாஸ் நாற்பது சதவீதம், அப்படியென்றால் நாற்பத்துநான்கு. நாளை மூன்று மணிக்கு மேல் டீன் அலுவலக மாடிப்படியில் இருப்பேன். தாள்களைக் கொண்டு வா. நாற்பத்துநான்கு வந்திருந்தால் கையெழுத்துப் போடுகிறேன். நான் எண்ணிக்கைக்கு மட்டும் அந்த வகுப்பில் உட்காரவில்லை என்று ஆகும். வரவில்லை என்றால், நான் விலகியது சரி.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உனக்கு என் கையெழுத்து வேண்டும். ஐந்து மணிக்குள் வேண்டும். அந்த நேரத்தில் நீ கொண்டுவந்து நீட்டுகிற மதிப்பெண்ணை நான் எப்படி நம்புவது என்று எனக்கே தெரியவில்லை. கையெழுத்துப் போட்டாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனாலும் வா.

ஜெய்

*

பெஹாலா
1 பிப்ரவரி, சனி

ஜெய்,

நேற்று நான் வரவில்லை. நீ ஐந்தரை வரை படியில் உட்கார்ந்திருந்ததாக வருண் சொன்னான். கடைசியில் எழுந்து போகும்போது, "ஷாலா வரவே இல்ல" என்று நீ சொன்னதையும் சொன்னான். திட்டியது சரிதான். நான் அப்போது வீட்டில்தான் இருந்தேன். மூன்று மணிக்குச் சட்டை மாட்டினேன், நாலு மணிக்குக் கழற்றினேன். தாராதலாவிலிருந்து பஸ் பிடித்தால் நாற்பத்தைந்து நிமிடம், நாலேகாலுக்குக் கிளம்பினாலும் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். நேற்று அந்த இரண்டு மணி நேரம் என்ன பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஐந்து மணி ஆனது. கதவு மூடியாயிற்று. மற்ற ஆறு பேரும் திங்கட்கிழமை மாறிக்கொள்வார்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "ஏன்?" என்று ஒரு தடவை கேட்டார். அதோடு விட்டுவிட்டார். கோடையில் ஹால்டியாவில் பயிற்சி. இனி உன் கையெழுத்தால் எனக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. நீ இன்றைக்கு ஆயிரம் கையெழுத்துப் போட்டாலும் டீன் வாங்க மாட்டார்.

ஆகவே கீழே இருக்கும் மதிப்பெண்ணை நீ நம்பலாம்.

பதினொரு தாள்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உன் எழுத்தின் மேல் ஒரு கோடும் போடவில்லை. ஓரத்தில் மட்டும் பென்சிலால் குறித்திருக்கிறேன். மொத்தம் நாற்பத்தாறு. பாஸ். வெறும் பாஸ்தான், பெருமைப்பட்டுக்கொள்ளாதே. முதல் தாளுக்கு இரண்டு, அதுவே தாராளம். ஐந்தாவதில் நீ நிரூபிக்க வேண்டியதையே உண்மை என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாய், பூஜ்யம். ஆனால் பத்தாவதில் நீ போன வழி என் வழியைவிட நல்ல வழி. நான் ஒன்றரைப் பக்கம் எழுதி உன் பெயரில் வாங்கிய பத்தைவிட நீ அரைப் பக்கத்தில் எழுதியது மேல். ஒன்பது கொடுத்திருக்கிறேன். ஏழாவது, கைகுலுக்கல் கணக்கு. ஒரு கூட்டத்தில் ஒற்றைப்படைத் தடவை கைகுலுக்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால், அது எப்போதும் இரட்டைப்படையாக வரும், நிரூபி என்பது. நீ நாலு வரியில் முடித்திருக்கிறாய். யோசனை அருமை. ஆனால் யாரோடும் கைகுலுக்காமல் நிற்கிறவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று குறைத்து ஏழு.

மூன்றாவது தாளில் பாதிதான் இருக்கிறது. ஓரத்தில் தமிழில், "கிரி, இங்க மாட்டிக்கிட்டேன். அடுத்த ஞாயிறு சொல்லிக் குடு" என்று எழுதியிருக்கிறாய். ஆகஸ்டில் எழுதியது. அடுத்த ஞாயிறு நாம் தோசை தின்றோம். நான் எதுவும் சொல்லித் தரவில்லை, நீயும் கேட்கவில்லை. எனக்கு விருப்பம் இல்லை போலும் என்று நினைத்து விட்டிருப்பாய். நேற்றுதான் அந்த வரியைப் பார்த்தேன். நீ மாட்டிக்கொண்ட இடத்தின் விடையைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஐந்து மாதம் தாமதம்.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதிப் பார்த்தேன். கையில் படிவத்தை வைத்துக்கொண்டு எழுதுவதுபோலவே இருந்தது, அடித்துவிட்டேன். தேதியை மட்டும் பார்த்துக்கொள்.

கிரிதர்

*

லேக் கார்டன்ஸ்
5 பிப்ரவரி

கிரி,

உறையைப் பிரிப்பதற்கு முன்னால் ஸ்பீட் போஸ்ட் ஒட்டுச் சீட்டைத்தான் பார்த்தேன். 01/02, காலை 10.42. நீ ஜனவரியிலேயே எழுதி வைத்துவிட்டு ஏதாவது விளையாட்டுக் காட்டுகிறாயோ என்று உன் பென்சில் குறிகளையும் பார்த்தேன். உன்னை இப்படிச் சோதித்துப் பார்க்கிற ஆளாக நான் ஆகிவிட்டேன். அது சீக்கிரம் போகாது. அதையும் தெரிந்துகொள்.

நேற்று முன்தினம்வரை சரஸ்வதி பூஜை. பாடாவில் புத்தகத்தையெல்லாம் தேவி காலடியில் வைத்துவிட்டு யாரும் தொடவில்லை. உன் உறை நேற்று மதியம் வந்தது. அம்மா, "இது கிரி எழுத்துதானே? அன்னைக்கு வாசல்லயே திருப்பி அனுப்பினதுக்கப்புறம் அந்தப் பிள்ளை வர்றதே இல்லையேடா, அப்படி என்னடா சண்டை?" என்றார். டாக்டர் விஷயத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உன்னை வீட்டுக்குள் விடமாட்டார். சொல்லாமல் இருப்பது உனக்காகவா அவருக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை படியில் உட்கார்ந்திருந்தபோது என் சட்டைப் பையில் பேனா இருந்தது. நீ நாற்பத்துமூன்று என்று சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். இதை உன்னை வருத்தப்பட வைக்க எழுதவில்லை. இல்லை, வருத்தப்பட வைக்கத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் படு.

உன்னை மன்னிக்கவில்லை. லேக் மார்க்கெட்டுக்கு வராதே, நான் அங்கே வருணோடு போகிறேன். போனில் ப்ளாக்கையும் எடுக்கப்போவதில்லை.

ஆனால் நீ போட்ட மதிப்பெண் தப்பு. பத்தாவது தாளில் கடைசி வரிக்கு முந்தின வரியில் நான் ஒரு காரணத்தை எழுதாமல் தாண்டியிருக்கிறேன், நீ பார்க்கவில்லை. ஒன்று குறை. எட்டுதான். ஏழாவதில் நீ குறைத்த மூன்றைத் திருப்பிக் கொடு. ஒவ்வொரு கைகுலுக்கலிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அதனால் எல்லோருடைய எண்ணிக்கையையும் கூட்டினால் இரட்டைப்படைதான் வரும் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரியில் இரட்டைப்படைக்காரர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டேன். மிச்சம் இருக்கிற ஒற்றைப்படைக்காரர்களைக் கூட்டினால் இரட்டைப்படை வர வேண்டும், அதனால் அவர்கள் இரட்டை எண்ணிக்கையில்தான் இருக்க முடியும். எங்கே ஓட்டை? யாரோடும் கைகுலுக்காதவன் பூஜ்யம். பூஜ்யம் இரட்டைப்படை. நான் அவனை விடவில்லை. இரண்டாவது வரியில் அவனும் இருக்கிறான். மறுபடி படி, இந்தத் தடவை ஒழுங்காக.

நாற்பத்தாறிலிருந்து ஒன்று போய், மூன்று சேர்ந்து, நாற்பத்தெட்டு.

ஒப்புக்கொள்கிறாயா இல்லையா என்று எழுது. தபாலில்.

ஜெய்